உன் கருவியை நீயே செய்!

இரவு பதினோரு மணிக்கு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு வரி வருகிறது: 20 சதவீதத் தள்ளுபடியை 25 ஆக்குங்கள், காலையில் விளம்பரம் ஓட வேண்டும். ஆறு மொழி, ஐந்து அளவு, ஆக மொத்தம் முப்பது ஃபோல்டர். ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும், எண்ணை மாற்ற வேண்டும், பிரவுசரில் பார்க்க வேண்டும், பேக்கப் படம் எடுத்து ஜிப் போட்டுப் பெயர் வைக்க வேண்டும். முடிப்பதற்குள் விடிந்துவிடும். சேலத்து வாடகை அறையிலோ ராசிபுரத்து வீட்டு மாடியிலோ உட்கார்ந்து வெளியூர் ஏஜென்சிகளுக்கு இணைய பேனர் செய்துகொடுக்கும் தம்பிக்கும் அம்மிணிக்கும் சொல்கிறேன். அந்த முப்பது ஃபோல்டர் உன் தலையெழுத்து அல்ல. அதை நொடியில் முடிக்கும் கருவியை எழுத உன்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

கருவி எழுதுவது பெங்களூர்க்காரர் வேலை, கலிஃபோர்னியாக்காரர் வேலை, நாம் சொன்னதைச் செய்பவர்கள் என்றொரு நினைப்பு உனக்குள் குடியேறியிருக்கிறது. அதைக் காலி செய்!

1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்பவர் ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதையே தொலைத்தார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டிருந்தார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் விட்டுப்போயிருந்தது. எரிச்சலோடு வந்து சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனிடம் புலம்பினார். ஃபெல்ட்மேனும் முந்தைய மாலை அதே தொல்லையில் மாட்டியவர். எது மாறியிருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் திரும்பச் செய்யும் ஒரு சின்ன நிரலை அந்த வார இறுதியில் எழுதினார். 'மேக்' பிறந்தது. இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. 2003-ல் அதற்காக ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது அவருக்குக் கிடைத்தது. அதன்பின் வந்த கிரண்ட், கல்ப், வெப்பேக் ஆகிய கருவிகள் எல்லாமே அந்த எண்ணத்தின் வாரிசுகள்தான். அந்த வார இறுதியில் அவர் கையில் இருந்தது என்ன? ஓர் எரிச்சல். அது உன்னிடம் இல்லையா? ஒவ்வொரு இரவும் முப்பது மடங்கு இருக்கிறதே!

நாமக்கல் பட்டறையைப் பார். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸ் வருகிறது. அதன்மேல் டேங்கர் வேண்டுமா, திறந்த பாடி வேண்டுமா, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வேண்டுமா, கேட்டபடி கட்டி, எடையும் உயரமும் சட்டத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்துத்தான் சாலைக்கு அனுப்புகிறார்கள். நீ கட்ட வேண்டிய கருவியும் அதைத்தான் செய்யப்போகிறது. வாசகங்கள் ஒரே கோப்பில் இருக்கும். படங்கள் ஒரே இடத்தில். 300×250, 728×90, 160×600, 300×600, 320×50 என்று அளவுக்கொரு அமைப்பு. நீ சேமித்த கணமே பிரவுசரில் ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் அசைந்து தெரிய வேண்டும். ஒரே கட்டளையில் படங்கள் சுருங்க வேண்டும், நிரல் இறுக வேண்டும், பேக்கப் படம் தானே பிடிபட வேண்டும், முப்பது ஜிப்பும் சரியான பெயரோடு வரிசையில் நிற்க வேண்டும்.

அனுப்பிய ஜிப் எதனால் திரும்பி வருகிறது என்பது உன் விரலுக்குத் தெரியும். கிளிக்டேக் மாறியை விட்டு நேரடி முகவரியை எழுதிவிட்டால் விளம்பரம் ஓடும், கிளிக் கணக்கில் ஏறாது. அளவைச் சொல்லும் மெட்டா வரி விடுபட்டால் சிக்கல். அசைவு 30 வினாடியைத் தாண்டினால் சிக்கல். பல இடங்களில் 150 கேபி என்ற எடை வரம்பு; அதை ஒரு சின்னப் படம் மீறிவிடும். ஆப்பிள் மேக் கணினி ஜிப்புக்குள் சத்தமில்லாமல் சேர்த்துவிடும் டிஎஸ் ஸ்டோர் கோப்புக்கும் திட்டு வாங்கியிருப்பாய். வாங்கிய ஒவ்வொரு திட்டையும் ஒரு சோதனையாக எழுது. விளம்பர வலை மறுக்கும் முன்னே உன் கருவி மறுக்கட்டும்!

இன்னொன்று சொல்கிறேன், இதுதான் உன் பெரிய பலம். தமிழ் பேனர்களில் எழுத்தை ஏன் படமாகவே ஒட்டுகிறார்கள்? எழுத்துரு கனமானது, வெட்டினால் உடையும் என்ற பயம். 'கு' யூனிகோடில் ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். திரையில் ஒரே வடிவம். அந்த வடிவத்தைச் சேர்க்கும் விதி எழுத்துருவுக்குள்ளே இருக்கிறது. விவரம் தெரியாதவர் எழுத்துருவைச் சுருக்கும்போது அந்த விதியையும் சேர்த்து வெட்டிவிட்டால், ககரம் ஒரு பக்கமும் குறி ஒரு பக்கமுமாகச் சிதறி நிற்கும். 'கொ'வில் கொம்பு முன்னால் போக வேண்டும் என்பதை ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியுமா? உன்னால் முடியும். அந்த பேனருக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும், விதி கெடாமல், ஃபான்ட்டூல்ஸ் என்ற நிரல்தொகுப்பைக் கொண்டு வெட்டித் தரும் ஒரு படியை உன் கருவியில் வை. தமிழுக்குச் செய்தது தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் கன்னடத்துக்கும் வழிவிடும். பிறகு தள்ளுபடி மாறினால் படம் வரைய வேண்டியதில்லை, ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

நாளைக்குத் தொழில்நுட்பம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறாய். மாறும்! 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டியின் விளம்பரப் பட்டை ஓடியபோது அது வெறும் படம். பிறகு ஃபிளாஷ் ஆண்டது. 2016 ஜூன் இறுதியோடு புதிய ஃபிளாஷ் பேனர்களை ஏற்பதை கூகுள் நிறுத்தியது. 2017 ஜனவரி 2 முதல் பழையவையும் அதன் விளம்பர வலையில் ஓடவில்லை. 2020 முடிவில் அடோபி ஃபிளாஷையே கைவிட்டது. மெனுவில் எங்கே அழுத்துவது என்று மட்டும் கற்றவர்கள் அன்று தவித்தார்கள். அளவு, எடை, நேரம், கிளிக் என்று வேலையின் எலும்பைப் புரிந்துவைத்தவர்கள் ஹெச்டிஎம்எல் 5-க்கு நடந்து போனார்கள். கருவி எழுதுகிறவன் எலும்பைத் தொட்டே ஆக வேண்டும்.

ஊர் சின்னது என்று மட்டும் சொல்லாதே. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் லீட்ஸ் வரை போய் ஜவுளிப் பொறியியல் படித்துவிட்டு வந்தவர். சினிமா என்றால் சென்னை, கல்கத்தா, பம்பாய் என்றிருந்த 1930-களில் சேலத்தில், ஏற்காட்டு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவை எழுப்பினார். எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ஓடாமல் ஒரே வளாகத்தில் படம் முடிகிற ஏற்பாட்டைச் செய்தார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் அங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள்! சேலத்தில் முடியுமா என்று அவர் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உனக்கோ அரங்கம் வேண்டாம், கேமரா வேண்டாம். நோட்.ஜேஎஸ் இலவசம், பிரவுசரை இயக்கிப் படம் பிடிக்கும் பப்பெட்டியர் இலவசம், கையில் ஒரு பழைய லேப்டாப். சேலம் கருப்பூரில் 2024-ல் மினி டைடல் ஐடி பூங்காவும் திறந்தாகிவிட்டது. அங்கே வேலை கேட்டு மட்டும் நுழையாதே, உன் கருவியை விற்கவும் நுழை.

இந்த ஞாயிறு ஆரம்பி. முழுக் கருவியை நினைத்து மலைக்காதே. ஜிப் போட்டுப் பெயர் வைத்து எடை பார்க்கும் பகுதியை மட்டும் எழுது, நூறு வரிக்குள் முடியும். திங்கட்கிழமை அதை உண்மையான வேலையில் ஓட்டிப் பார். அடுத்த வாரம் வாசகக் கோப்பு, அதற்கடுத்து பேக்கப் படம், பிறகு எழுத்துரு. நான்கும் ஓடத் தொடங்கியதும் கிட்ஹப்பில் போடு. விளக்கத்தைத் தமிழில் முதலில் எழுது, ஆங்கிலத்தில் அடுத்து எழுது, உருவாக்கியவர் என்ற இடத்தில் உன் பெயரையும் ஊரையும் போடு. முதல் குறையைச் சொல்லி யாராவது எழுதினால் அன்றைக்கே திருத்திப் பதில் அனுப்பு.