வைத்தலும் காத்தலும்



1971-ல் நோபல் பரிசு பெற்ற டெனிஸ் காபர் கண்ட முறை ஹோலோகிராபி. அதைக் கொண்டு தட்டின் மேற்பரப்பில் மட்டுமன்றி, அதன் கனம் முழுவதிலும் லேசர் ஒளியால் செய்திகளைப் பதிக்கலாம். அமெரிக்காவில் இன்ஃபேஸ் என்னும் கம்பெனி, "ஒரே தட்டில் 300 கிகாபைட் அடங்கும், 50 ஆண்டு கெடாது" என்று அறிவித்தது. அது 400 சி.டி. தட்டுகளுக்கும் மேல் கொள்ளும் அளவு. ஆனால் 2010-ல் கம்பெனியே தொழிலை நிறுத்தியது. அத்தகைய தட்டு கெடாமலே இருந்தாலும், வாசிக்கும் யந்திரத்துக்கு எங்கே போவது?

பத்திரமாய் வைத்தோம் என்பதாலேயே காப்பாற்றினோம் என்று சொல்லலாகுமா? ஆகாது. வாசிப்பாரற்ற ஏடு ஊமை. பெட்டியிலுள்ள பாட்டனார் படத்தில் இருப்பது யார், அவர் எப்படி வாழ்ந்தார் என்று சொல்லாவிடில், பிள்ளைக்கு அது வெறும் காகிதமே. நிலத்துக்கு வாரிசு எழுதுகிறோம். நினைவுக்கும் வாரிசு வேண்டும். ஆகவே பெரியோர்களே, இன்றிரவே பிள்ளைகளை அருகில் அழைத்துச் சொல்லத் தொடங்குங்கள்.