சுமையும் பிழையும்

தேய்மானமே இல்லாத ஒரு பொருள் பழுதாக முடியுமா? மென்பொருள் எழுப்பும் பிரச்னை இதுதான். இரும்பு துருப்பிடிக்கும், பல்சக்கரம் தேயும். கட்டளைகளின் வரிசையோ முதல் நாள் எப்படியோ ஆயிரமாவது நாளும் அப்படியே. ஆயினும் வேலைப்பளு ஏறினால் அது விழுகிறது. ஐபிஎம் 3081 கம்ப்யூட்டரை ஆராய்ந்து ஐயரும் ரொசெட்டியும் 1985இல் எழுதியது இதுவே: சுமை கூடக்கூட மென்பொருள் தவறும் அபாயம் நேர்விகிதத்தில் கூடுவதில்லை. அப்படியானால் பிழை இருப்பது எழுத்திலா, பயன்பாட்டிலா?

1991 பிப்ரவரி 25. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் தொகுதி ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். அந்தச் சாதனம் 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியிருந்தது. அதன் கடிகாரம் பத்தில் ஒரு வினாடியை அலகாக வைத்து எண்ணியது. இரும எண்முறையில் பத்தில் ஒன்று முடிவற்ற பின்னம். 24 பிட்டுகளுக்குள் அதை வெட்டி அடைத்திருந்தார்கள். வெட்டுப்பட்ட துணுக்கு 100 மணி நேரத்தில் 0.34 வினாடியாகச் சேர்ந்தது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டர் கடந்துவிடும்.

சில மணி நேரம் ஓடி இடம் மாறும் சாதனம் என்று நினைத்து அமைத்தவர்களுக்கு இது பிழையே அல்ல. சுமை பிழையை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது என்று தர்க்கரீதியாக முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்க மறுக்கிறேன். எட்டு மணி நேர ஓட்டத்திலேயே விலகல் தெரிவதை இஸ்ரேலியர்கள் இரண்டு வாரம் முன்பே தெரிவித்திருந்தார்கள். பிப்ரவரி 21 அன்று படையினருக்கு அறிவிப்பும் போயிற்று: மிக நீண்ட நேரம் ஓட்டினால் விலகல் நேரலாம். மிக நீண்ட என்றால் எவ்வளவு என்பது அதில் இல்லை. நிறுத்தித் திரும்ப இயக்க ஓரிரு நிமிடம் போதும். திருத்திய மென்பொருள் 26ஆம் தேதி வந்து சேர்ந்தது. வெட்டுப்பட்ட பின்னத்துக்குப் பக்கத்தில் இந்தப் பெயரடையையும் வைத்துத்தான் பார்க்கவேண்டும். சொற்களோடு மாரடிக்கும் நமக்கு இது அந்நியமான விஷயமல்ல.

1969 ஜூலை 20இல் சந்திரனில் இறங்குகையில் அப்பல்லோ 11இன் கம்ப்யூட்டரும் சுமை மீறி 1202 என்ற அபாய அறிவிப்பைக் காட்டியது. ஆனால் எதை விடலாம், எதை விடவே கூடாது என்று அதில் முன்கூட்டியே வரிசைப்படுத்தியிருந்தார்கள். அது தன்னைத் திரும்பத் தொடங்கி, அவசரமில்லாததை உதறி, இறக்கத்தை விடாமல் நடத்தியது.

நம்பகம் என்பது பிழையின்மை அல்ல. தன் எல்லையை அறிவதும், அதைப் பிறருக்குப் புரியும்படி எண்ணாகச் சொல்லிவைப்பதும்தான். 'நான் செய்தபோது சரியாகத்தான் இருந்தது' என்பது உண்மையாகவே இருக்கலாம். பயன்படுத்துகிறவன் எத்தனை மணி நேரம் விழித்திருக்கப்போகிறான் என்று கேட்டுக்கொள்ளாத உண்மை அது.