வைத்தியம் செய்யச் சான்று தேவையா?

“நபிவழி வைத்தியத்திற்குச் சர்ட்டிபிகேட் எதற்கு?” என்று நம்மிடம் சிலர் கேட்கின்றனர். ஹிஜாமா எனும் இரத்தம் குத்தி எடுக்கும் சிகிச்சை நம் ஊர்களில் பரவிய பிறகு இக்கேள்வி அதிகமாகிவிட்டது. இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர், கப்புகளும் பிளேடும் வாங்கிக்கொண்டு பள்ளிவாசல் தெருவிலேயே போர்டு மாட்டிவிடுகிறார். கேட்டால், சுன்னத்தை உயிர்ப்பிக்கிறோம் என்கிறார். சுன்னத் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மக்களும் மறுபேச்சின்றி முதுகைக் காட்டிவிடுகின்றனர்.

ஹிஜாமாவை நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியுள்ளார்கள். அதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்கு அதைச் செய்தவர் யார்? அபூ தைபா (ரலி) அவர்கள். அதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். அதற்குக் கூலியாகத் தானியமும் பெற்றவர். ஆயிரக்கணக்கான ஸஹாபாக்கள் உயிரையே தரக் காத்திருந்தும், கத்தியைத் தொழில் தெரிந்தவர் கையில்தான் கொடுத்தார்கள். ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நெஞ்சு நோவுற்றபோதும், ஸகீஃப் கூட்டத்து வைத்தியரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூதாவூதில் வந்திருக்கிறது. அந்த ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றாரா இல்லையா என்பதிலேயே வரலாற்றாசிரியர்களிடம் கருத்து வேற்றுமை உண்டு. அவருடைய வைத்தியத் திறமையில் கருத்து வேற்றுமை இல்லை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். வைத்தியம் தெரிந்தவரென முன்பு அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால் அவரே ‘ளாமின்’, அதாவது நஷ்டத்திற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய மூன்று கிதாபுகளிலும் உள்ளது. “நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்” என்ற பதில் இங்கே செல்லாது. நல்லெண்ணம் மறுமையின் குற்றத்தைக் குறைக்கலாம். இவ்வுலகில் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை நீக்காது.

இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் ‘ஸாதுல் மஆத்’ கிதாபில் இதை விரிக்கிறார்கள். தொழில் தெரிந்தவர், முறைப்படி, அனுமதி பெற்றுச் செய்தும் தீங்கு நேர்ந்தால் அவர் மீது பொறுப்பில்லை. உரிய வயதில், உரிய முறையில் கத்னா செய்தும் பிள்ளைக்கு ஏதேனும் ஆகிவிட்டால், செய்தவரைப் பிடிக்க முடியாது. தெரியாதவர் செய்து தீங்கு நேர்ந்தாலோ அவர் ளாமின். அவருக்குத் தெரியாது என்பதை நோயாளி அறிந்தே உடன்பட்டிருந்தால் மட்டும் சட்டம் மாறுகிறது. ஏனெனில் ஹதீஸின் நோக்கம், தம்மை வைத்தியர் என்று நம்பவைத்து ஏமாற்றியவரைப் பற்றியது என்கிறார்கள் இமாமவர்கள். இப்போது அந்தப் போர்டை நினைத்துப் பாருங்கள். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்றோ ‘ஹகீம்’ என்றோ எழுதியிருப்பது, அந்த நம்பவைத்தல் அல்லாமல் வேறென்ன?

நாம் மதரஸாக்காரர்கள் ஸனதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஒருவர் ஹதீஸ் பாடம் நடத்த வந்தால், யாரிடம் ஓதினீர், அவர் யாரிடம் ஓதினார் என்று கேட்கிறோம். ஒரு பிள்ளைக்குக் குர்ஆன் சொல்லிக் கொடுப்பவரின் தஜ்வீதையே சோதித்துப் பார்க்கும் ஜமாஅத்து, தோலைக் கீறுகிறவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. இது எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று நமக்கு விளங்கவில்லை.

பரீட்சை வைத்துச் சான்று கொடுப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒருவர் இறந்துபோனார். செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் சோதித்து அனுமதி அளிக்காத எவரும் வைத்தியம் செய்யக்கூடாது என்று கலீஃபா முஹ்தஸிபுக்குக் கட்டளையிட்டார். அந்த ஒரு நகரில் மட்டும் எண்ணூற்றறுபதுக்கு மேற்பட்டவர்கள் சோதனைக்கு வந்தார்கள். (ஸினான் அச்சமயம் ஸாபியீ மதத்தவர், பிறகே இஸ்லாத்திற்கு வந்தார்.)

அவர்களில் ஒரு பெரியவர். நல்ல உடை, கம்பீரமான தோற்றம். ஸினான் மரியாதையுடன் உட்கார வைத்துப் பேசினார். பெரியவரோ தங்கக் காசுகளை எடுத்து முன்னால் வைத்து, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, குடும்பம் இருக்கிறது, பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். ஸினான் சிரித்துவிட்டு, தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் எடுக்கவோ பேதிக்குக் கொடுக்கவோ சாதாரண நோய்களைத் தாண்டிச் செல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டார். ஸிகன்ஜபீனையும் குலாப் சர்பத்தையும் தாண்டி நான் போனதே இல்லை என்றார் பெரியவர். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் கற்றாய் என்றதற்கு, நேற்று வந்தாரே, அவர்தான் என் தகப்பனார் என்றார். அந்த வழியைத் தாண்டாதே என்று அவரையும் அனுப்பிவைத்தார் ஸினான்.

படிப்பில்லாத அந்தப் பெரியவருக்குச் சர்பத் வரை அனுமதி கிடைத்தது. இரத்தத்திற்கு வரம்பு போடப்பட்டது. இன்று நம்மவர்கள் இரத்தத்தில்தான் தொடங்குகிறார்கள்! இரத்த சோகை உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், புண் எளிதில் ஆறாத சர்க்கரை நோயாளி ஆகியோரிடம் பிளேடை எடுக்கும் முன் எவ்வளவு விசாரிக்க வேண்டும்! ஒருவருக்குப் பயன்படுத்தியதையே அடுத்தவருக்கும் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் தொற்றும். யூனானிப் பட்டப்படிப்பு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். ஹிஜாமாவும் அதில் ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. ஐந்தரை ஆண்டு எங்கே, இரண்டு நாள் எங்கே?

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தகுதியில்லாத பரம்பரை வைத்தியர்கள் தொழில் செய்ய உரிமை கோரிய வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சான்றிருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஹோமியோபதி படித்த ஒருவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தமக்குத் தகுதியில்லாத துறையில் கை வைத்ததே கவனக்குறைவு என்று 1996இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்து மூன்று லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நம் ஃபுகஹாக்களின் வாசகமோ என்று ஐயுறும்படி இருக்கிறது.

அப்படியானால் பாட்டி கொடுக்கும் சுக்குக் கஷாயமும் குற்றமா என்று கேட்க வேண்டாம். வீட்டிலுள்ளோர் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் கைவைத்தியத்தில் வைத்தியர் என்ற வேஷமும் இல்லை, கூலியும் இல்லை. கருஞ்சீரகமும் தேனும் உண்பதற்கு யாரும் சான்று கேட்கவில்லை. ஓதிப் பார்ப்பதும் அப்படியே. தேள் கொட்டிய தலைவருக்கு ஸஹாபி ஒருவர் பாத்திஹா ஓதி, ஆட்டு மந்தையைக் கூலியாகப் பெற்றதை நாயகம் (ஸல்) அவர்கள் அங்கீகரித்தார்கள். ஆனால் ஓதுகிறவர், மாத்திரையை நிறுத்து என்று சொல்லும் அந்த நிமிடத்தில் வைத்தியரின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். பிறவியிலோ பாலகப் பருவத்திலோ சர்க்கரை நோய் வந்து, இன்சுலினாலேயே வாழும் பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போய்விடும். தலையில் காயம்பட்டவரை, தெரியாமலேயே குளிக்கச் சொல்லி அவர் இறந்துபோனபோது, சொன்னவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை நாம் பயானில் சொல்லிக் கொண்டுதானே இருக்கிறோம்.

ஏற்கெனவே இத்தொழிலில் இறங்கிவிட்டவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். போர்டை இறக்கிவிட்டு, பதிவு பெற்ற ஹகீம் ஒருவரிடம் உதவியாளராகச் சேரலாம். வயதிருந்தால் முறையாகப் படிக்கலாம். தம் கையால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்திருந்தால் அது ஹக்குல் இபாத். தவ்பாவால் மட்டும் கழியாது. பாதிக்கப்பட்டவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ சென்று, நஷ்டஈடு கொடுத்தோ மன்னிப்புப் பெற்றோ தீர்க்க வேண்டும்.