சோதனையும் இறைவன் இயல்பும்

இறைவன் சோதனைக்கு உட்படுவானோ என்னும் வினா வாதம் புரிவார்க்கு மாத்திரம் உரியதன்று. அட்டன், நுவரெலியா முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், ஒரே லயத்திலே, ஒரு சுவர் மாத்திரம் இடையிடச் சைவக் குடும்பமுங் கிறிஸ்தவக் குடும்பமும் வாழ்கின்றன. அயல் வீட்டுப் பிள்ளை, தன் கடவுள் பசித்திருந்தார், சோதிக்கப்பட்டார், வென்றார் என்று சொல்லக் கேட்ட சைவப் பிள்ளை, சைவநெறிப் பாடவேளையில் ஆசிரியரை நோக்கி, "நம் கஷ்டம் நம்முடைய சாமிக்குத் தெரியுமா?" என்று வினாவுகின்றது. சம்பள நாளிலே சாராயக் கடையைக் கடந்து வீடு சேர்தல் எத்துணை அரிதென்பதைத் தந்தையரிடங் கண்ட பிள்ளையின் வினா இது. இதற்கு விடை கூறுதல் நமக்குக் கடன்.

பிறர் கொள்கையை மறுக்குமுன் அதனைச் செவ்வையாக அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) அவ்வழி நின்றார். பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழிற் பெயர்த்தகாலை அவர்க்குத் துணைபுரிந்து, அந்நூலை நன்கு கற்றறிந்த பின்னரே, 1854 இல் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மலைநாட்டுக் கோப்பித் தோட்டத் தமிழரிடையே சுவிசேஷம் பரப்புதற்குத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. நாவலரைப் போல நாமும் அவர்கள் நூல் கூறுவதை முதலில் நோக்குவாம்.

பைபிளிலே இரண்டு கூற்றுக்கள் உள. யாக்கோபின் நிருபம், கடவுள் தீமையினாற் சோதிக்கப்படாதவர், எவரையும் அவ்வாறு சோதியாதவர் என்கின்றது. எபிரெயர்க்கு எழுதிய நிருபமோ, கிறிஸ்து நம்மைப்போல எல்லாவற்றினுஞ் சோதிக்கப்பட்டும் பாவமின்றி நின்றாரென்றும், அதனாற் சோதிக்கப்படுவோர்க்கு உதவ வல்லரென்றுங் கூறுகின்றது. இவ்விரண்டனையும் பொருத்துதற்கு, 451 இற் கூடிய கல்செதோன் சங்கத்தார், கிறிஸ்து ஒருவரே தெய்வ இயல்பும் மனித இயல்புமாகிய இரண்டும் உடையர் என முடிபு செய்தனர். சோதனை மனித இயல்பைச் சார்ந்தது என்பது அவர்கள் கொள்கை. அங்ஙனமாயின் அவர் வீழ்தல் கூடுமாயிருந்ததோ? கூடுமெனின் கடவுட்டன்மைக்கு இழுக்கு. கூடாதெனின் சோதனை சோதனையாமாறு எங்ஙனம்? இதனிடத்து அவர்களுட் கற்றோரும் ஒருமைப்பட்டிலர்.

சைவசித்தாந்தம் பதியை இயல்பாகவே பாசங்களின் நீங்கியவனென்றுங் கருவுட்பட்டுப் பிறவாதவனென்றுங் கொள்ளும். சோதனை பற்றுதற்கு மலம் வேண்டும். மலமில்லாதவனிடத்து அஃது எதனைப் பற்றும்? காமன்கூத்தை ஆண்டுதோறுங் காணும் மலையகப் பிள்ளைகட்கு இதனை எளிதில் விளக்கலாம். யோகத்தமர்ந்த பெருமான்மேல் மலர்க்கணை தொடுத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் நீறாகின்றான். பெருமானுக்குக் காமத்தோடு போராட்டம் நிகழ்ந்திலது. சினமுற்று எரித்தானெனின், இரதி இரந்தபொழுது அவள் கண்ணுக்கு மாத்திரந் தோன்றுமாறு கணவனை மீளக் கொடுத்தல் கூடாதன்றோ?

அற்றேல், பிள்ளையின் வினா இன்னுந் தீர்ந்திலது. நெற்றிக்கண் உடையவன் எரித்தான். அஃதில்லாத தொழிலாளி என் செய்வான்? பசித்தறியாதவன் பசித்தவனை அறிவனோ? இதுவே கிறிஸ்து சமயத்தாரின் வலிய நியாயம். இதனை இகழ்ந்து நகைத்துச் செல்லும் ஆசிரியர் பிள்ளையின் உள்ளத்தை இழப்பர்.

இதற்கு விடை மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரத்தில் உளது. கண் தானே காணமாட்டாது. உயிர் கண்ணோடு நின்று அதனைக் காணச்செய்து தானுங் காண்கின்றது. அவ்வாறே இறைவன் உயிரோடு பிரிப்பின்றி நின்று, அதனை அறியச்செய்து, தானும் உடனறிகின்றான். ஒருவன் துன்பத்தைப் பிறிதொருவன் தான் முன்பு பட்ட துன்பங்கொண்டு ஊகித்தறிதல் ஒருவகை அறிவு. அத்துன்பம் நிகழும் உள்ளத்திலேயே நின்றறிதல் அதனினும் அணித்தாய அறிவு. கட்டுப்படாமையால் இறைவன் நமக்குத் தூரத்தானல்லன். கட்டுப்பட்டார் இருவரிடையே உள்ள சுவர் அவனுக்கு இல்லை. சாராயக் கடை வாயிலில் நின்றவனுக்கு வீட்டிற் பசித்திருக்கும் பிள்ளையின் முகம் தோன்றுமாயின், தோற்றுவித்தவன் அவ்விறைவனே. கால் திரும்பினும் திரும்பாவிடினும் அவன் காட்டாதொழிந்தானல்லன்.

இனி, நம்மவர் தவறு ஒன்றும் உண்டு. குடித்து வீழ்ந்தவன், "எல்லாம் ஆண்டவன் சோதனை" என்கின்றான். சோதனை என்னுந் தமிழ்ச்சொல், பைபிளின் கிரேக்கச் சொல்லைப்போலவே, பரீட்சித்தலையும் தீமைக்கு இழுத்தலையும் உணர்த்தும். இம்மயக்கங் கிறிஸ்தவர்க்கும் இடர் தந்தது. கர்த்தர் கற்பித்த செபத்திலே கடவுளே சோதனைக்கு இழுப்பார்போலத் தோன்றிய வாக்கியத்தைப் பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கர் 2017 இல் மாற்றிக்கொண்டனர். நாமும் இவ்விரண்டனையும் வேறறிந்து கற்பித்தல் வேண்டும். சிறுத்தொண்டரிடத்தும் இயற்பகையாரிடத்தும் பெருமான் வந்து இரந்தது, அவரை வீழ்த்துதற்கன்று. அவரிடத்து முன்னரே நிறைந்திருந்த அன்பை உலகறியச் செய்தற்கு. தீமைக்கு இழுப்பதோ, செம்பிற் களிம்புபோல உயிரை அநாதியே பற்றிய ஆணவம். திரோதான சத்தி மலத்தோடு உடனின்று செலுத்துதலும் அதனை முதிர்வித்து நீக்குதற்பொருட்டே, பாவஞ் செய்வித்தற்கன்று. ஆதலின் நந் தவற்றைச் சாத்தான்மேற் சுமத்துதற்கும் நமக்கு வழியில்லை; சிவன்மேற் சுமத்துதற்கும் வழியில்லை.

ஆசிரியர்காள்! பாடசாலையிலே சமயவெற்றி தேடாதீர். அயல் வீட்டார் தங் கடவுளிடங் காணும் ஆறுதலைப் பழித்தலால் நம் பிள்ளைக்கு ஆறுதல் பிறவாது. நீறணிந்து ஐந்தெழுத்து ஓதும்பொழுது, உள்ளே உடனின்று காட்டுபவனை நினைக்கப் பழக்குமின். பின்னாளில் தன் சம்பளத்தோடு அக்கடையைக் கடக்கும் நாள் அப்பிள்ளைக்கும் வரும். நம் பெருமான் நம் கஷ்டத்தை நம்மினும் முன்னறிவான் என்று அன்று அவன் துணிந்து நடப்பானாயின், நாம் கற்பித்த சைவம் பயன்பட்டதாகும்.

திருச்சிற்றம்பலம்.