ஒற்றை மீனுக்கு வீசிய வலை

சித்திரைப் பௌர்ணமியன்று சாயல்குடிக்கு அருகிலுள்ள மாரியூர்க் கடற்கரையில் சிவபெருமான் மீன் பிடிக்கிறார். பூவேந்தியநாதர் கோயில் திருவிழாவின் முக்கியமான நிகழ்ச்சியே அந்த வலைவீசும் படலம்தான். அதைப் பார்க்கச் சுற்றுவட்டாரமெல்லாம் திரண்டு வந்து கடலோர மணலில் நிற்கும்.

கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 57-ஆவது படலமாக வருகிறது. வேதப் பொருளைச் சிவன் உபதேசிக்கும்போது உமையின் கவனம் சிதறியது. பரதவர் குலத்தில் மகளாய்ப் பிறக்கும்படி சாபம் வந்தது. கோபம் கொண்ட முருகன் சுவடிகளைக் கடலில் வீசினான். பிள்ளைகளை உள்ளே விட்ட குற்றத்துக்காக நந்தி சுறாவாகிக் கடலில் திரிந்தார். அந்தச் சுறா மீனவர்களின் வலைகளைக் கிழித்து, பிழைப்பைக் கெடுத்தது. அதைப் பிடிப்பவனுக்கே தன் மகளைத் தருவதாகப் பரதவர் தலைவன் அறிவித்தான். சிவன் வலைஞர் கோலத்தில் வந்தார், வீசினார், சுறாவை இழுத்துக் கரையேற்றினார், பெண்ணை மணந்தார். உபதேசம் நடந்த இடம் உத்தரகோசமங்கை என்று இராமநாதபுரத்துக்காரர்கள் சொல்வார்கள்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடவுள் மீன் பிடிக்கிறார். அதற்காக அவர் யாரிடமும் சமாதானம் சொல்லவில்லை. ஆனால் கடலில் எத்தனையோ மீன் இருக்க, அவர் வலை வீசியது ஒரே ஒரு மீனுக்கு. எந்த மீன் என்பது வீசுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

மீன் பிடிப்பது பாவமா என்பது பழைய கேள்வி. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் என்று ஒதுக்கி நேராகவே பதில் சொல்லிவிட்டார். தின்பதற்காக வாங்குபவர் இல்லையென்றால் விலைக்கு விற்பவரும் இருக்க மாட்டார் என்ற அவருடைய வாதம், பழியின் பெரும் பங்கை உண்பவர் தலையில் வைக்கிறது. பௌத்தம் விலக்கச் சொன்ன ஐந்து வணிகங்களில் இறைச்சி வணிகமும் ஒன்று. இந்தப் பதில்களை ஏற்று நடப்பவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் தொண்டி முதல் இராமேசுவரம் வரைக்கும், அங்கிருந்து வாலிநோக்கம் வரைக்கும் கடலை நம்பி வாழும் மக்களுக்கு அந்த வாசல் திறந்திருக்கவில்லை. அவர்கள் முன்னால் எப்போதும் நின்றது வேறொரு கேள்வி: எதைக்கொண்டு பிடிப்பது? கருவியைத் தேர்ந்தெடுப்பதில் தருமம் என்று ஏதாவது இருக்கிறதா, அல்லது அது வெறும் வசதியும் காசும் சேர்ந்த கணக்கா?

அதே கேள்வி இப்போது தூண்டில் ரீல் வாங்குகிறவர்கள் முன்னாலும் வந்து நிற்கிறது. மண்டபம், பாம்பன் பக்கம் கைத்தூண்டில் போடுபவர்கள் நடுவே ராடும் ரீலுமாக வரும் இளைஞர்களைப் பார்க்க முடிகிறது. மேல்நாட்டில் பாஸ் மீனுக்காகவே வளர்ந்த பெய்ட்காஸ்டிங் ரீல் இங்கே கொடுவாய்க்கும் பாறை மீனுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1820-ஐ ஒட்டி அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் செய்த பல்சக்கர ரீல்தான் இதன் மூதாதை. சாதாரண ஸ்பின்னிங் ரீலில் தூண்டில் நரம்பு சுற்றிய உருளை அசையாமல் நிற்க, நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் உருளையே சுழலும். வீசுபவர் கட்டைவிரலால் அதை மெல்ல அழுத்தி அடக்க வேண்டும். இரை காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை அதே வேகத்தில் சுற்றினால் நரம்பெல்லாம் பந்தாகச் சிக்கிக்கொள்ளும். இதைத் தடுக்கக் காந்த பிரேக் ஒரு வகை, சுழலும் வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு உரசும் சின்னக் கட்டைகள் இன்னொரு வகை. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை ஐந்து முறை சுழல்வதா, ஏழு முறையா என்பதில் தொடங்கி விவாதம் விடிய விடிய நடக்கும். கச்சான் காற்று எதிரே அடிக்கும் நாளில் இந்த ரீலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு பிரேக்கின் அருமை தெரியும்.

அந்த விவாதத்தில் மீனின் தரப்பு மட்டும் வருவதே இல்லை. வந்தால் ரீல் தேர்வின் முதல் அளவுகோலே மாறும். மெல்லிய நரம்பு, சிறிய ரீல் கொண்டு பெரிய மீனை நெடுநேரம் போராடிப் பிடிப்பதைத் திறமை என்று மெச்சுகிற பழக்கம் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களிடம் உண்டு. போராட்டம் நீள நீள மீனின் தசையில் அமிலம் சேர்கிறது, மூச்சு திணறுகிறது. பிறகு நீரில் விட்டாலும் பிழைப்பது சந்தேகம். வெதுவெதுப்பான நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைவு என்பதால் நம் கடலில் இந்த ஆபத்து கூடுதல். ஆகவே இழுவிசை போதுமான, பலமான ரீலை வாங்குவதே இரக்கத்தின் பக்கம் நிற்பது.

2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலம் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் இரையெடுக்க மறுத்தன, உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. மீனின் மூளை அமைப்பில் மனிதருக்கு நிகரான வலியுணர்வுக்கு இடமில்லை என்று மறுத்த அறிஞர்களும் உண்டு. வாதம் முடியவில்லை. ஆனால் சுவிட்சர்லாந்து காத்திருக்கவில்லை: 2008-இல் இயற்றிய விலங்குப் பாதுகாப்பு விதிகளில், திரும்ப விடும் நோக்கத்தோடேயே தூண்டில் போடுவதைத் தடை செய்தது. உண்பதற்கென்றால் பிடி, விளையாட்டுக்கு ஓர் உயிரைத் துன்புறுத்தாதே என்பது அந்தச் சட்டத்தின் மனசு. உயிருள்ள எதையும் குறிவைத்து விளையாடும் பொருளாக்க வேண்டாம் என்று நபிமொழியும் சொல்கிறது. மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி மக்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது தமிழ்ச் சமயத்துக்குத் தெரியாத செயலும் இல்லை. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார், வலையில் அகப்படும் முதல் தரமான மீன் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். ஒரு மீன் மட்டுமே அகப்பட்ட நாள்கள் தொடர்ந்து வந்தன; அதையும் விட்டார், குடும்பம் பட்டினி கிடந்தது. கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வந்தது, அதையும் விட்டார். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய இந்த வரலாறு ஆண்டுதோறும் ஆவணியில் நாகையில் விழாவாக நடக்கிறது. அதிபத்தர் விட்டது தன் வயிற்றுக்கு வேண்டியிருந்த மீன். இன்றைய பொழுதுபோக்குக்காரர் விடுவது தனக்கு வேண்டாத மீன். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அதற்காகப் பின்னவர் விடக்கூடாது என்று ஆகிவிடாது. தியாகம் என்று அதற்குப் பெயர் சூட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

கிறித்தவ வேதத்தில் மீனவர்கள் கதை என்றால் வலைதான் நினைவுக்கு வரும். தூண்டில் நற்செய்திகளில் ஓரிடத்தில் மட்டும் வருகிறது. கோயில் வரி கட்ட வேண்டியிருந்தபோது இயேசு பேதுருவிடம், கடலுக்குப் போய்த் தூண்டில் போடு, முதலில் வரும் மீனின் வாயில் காசு இருக்கும் என்றார். தேவை ஒரு காசு. அதற்கு ஒரு மீன் போதும். ஒரு மீனுக்குத் தூண்டில் போதும். அதே மத்தேயு நற்செய்தியில், எல்லா வகை மீனையும் வாரிக்கொள்ளும் வலையைப் பற்றிய உவமையும் இருக்கிறது. வலை நிறைந்ததும் கரைக்கு இழுத்து, நல்லதைக் கூடையில் சேர்த்து, ஆகாததை எறிவார்கள். அது உலக முடிவில் வானதூதர் செய்யும் வேலைக்கான உவமை.

இராமேசுவரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் வந்து அணையும் காலைப்பொழுதில் அந்தப் பிரித்தெடுக்கும் வேலையை மனிதர்களே செய்வதைப் பார்க்கலாம். இழுவைமடி கடலடியை உழுதுகொண்டு வரும். இரண்டு பலகைகள் மடியின் வாயை அகட்டிப் பிடிக்க, முன்னால் இருப்பதெல்லாம் உள்ளே போகும். தளத்தில் கொட்டினால் இறால் ஒரு பங்கு, விலைபோகும் மீன் ஒரு பங்கு, மீதி சங்காயம். விரல் நீளக் குஞ்சுகள், நண்டுக் குட்டிகள், சிப்பி, பாசி எல்லாம் சேர்ந்த அந்தக் குவியல் காய்ந்து, பொடியாகி, கோழித் தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் போகிறது. நல்லது, ஆகாதது என்று பிரிப்பதற்குள் எல்லாம் செத்துவிட்டன.

இங்கேதான் கருவியின் தருமம் தெரிகிறது. தூண்டிலில் மீன் உயிரோடு கைக்கு வருகிறது. 'இது வேண்டாம்' என்று சொல்ல ஒரு கணம் மிச்சமிருக்கிறது. அந்தக் கணத்தை இழுவைமடி பறித்துவிடுகிறது. மடி இழுப்பவர் கல்நெஞ்சர் என்பது இதன் பொருளல்ல. கடன், டீசல் விலை, படகு முதலாளியின் கணக்கு எல்லாம் அவர் கழுத்தில் கிடக்கின்றன. எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படை. ஆனால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த நல்ல மனம் மடிக்குள் வேலை செய்ய வழியில்லை.

குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் கடலோர ஊர் ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. ஓய்வுநாளில் மீன் பிடிக்கக் கூடாதென்பது அவர்களுக்கு விதி. அந்த நாளில்தான் மீன்கள் மேலே வந்து துள்ளின. வெள்ளிக்கிழமையே வலையை வைத்துவிட்டு ஞாயிறன்று எடுத்தார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். ஓய்வுநாளில் பிடித்தது வலைதான், நாங்களில்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் இறைவனிடம் செல்லவில்லை.

நம் சட்டங்களும் பாதி, எதைக்கொண்டு பிடிப்பது என்ற கேள்விக்கான பதில்கள்தான். 1983-இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுகளைக் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் நிறுத்தியது. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு மோதல்களுக்குப் பின் வந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. இலங்கை 2017 ஜூலையில் இழுவைமடியையே சட்டத்தால் தடுத்தது. அதே மாதம் இராமேசுவரத்தில், மடிப்படகுக்கு மாற்றாக ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில் படகுகளுக்கான திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஒரு படகுக்கு 80 லட்சம். அதில் மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம் மானியம். கடற்கரையில் பிறந்து வாரத்தில் மூன்று நாள் இழுப்புக்குப் பழகியவர்களை, வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கும் தொழிலுக்கு மாற்றுவது அறிவிப்போடு முடிகிற காரியமல்ல. திட்டம் நினைத்த வேகத்தில் நகரவில்லை.

தூண்டில் என்பதாலேயே ஒரு கருவி புண்ணியமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மைல் கணக்கில் நீளும் நெடுந்தூண்டிலில் ஆமையும் அகப்படும், சுறாவும் அகப்படும். ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கிய கலவாயின் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய்வழியே பிதுங்கும். விட்டாலும் வயிறு மேலாக மிதக்கும். கொடுவாயின் சங்கதி இன்னும் கூர்மையானது. அது ஆணாகப் பிறந்து வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளத் தோன்றும் பெரிய கொடுவாய் எல்லாம் அநேகமாகத் தாய்மீன்கள். கழிமுகத்தில் லட்சக்கணக்கில் முட்டையிட வேண்டியவை. கலவாய் இதற்கு நேர் எதிர்: பெண்ணாகத் தொடங்கி, பெரிதானதும் ஆணாகும். எதில் பெரியதை மட்டும் தேடிப் பிடித்தாலும் ஒரு பக்கம் இனம் ஊனமாகும்.

எனவே ரீல் வாங்கக் கிளம்பும் இளைஞருக்குச் சொல்ல வேண்டியது இது. பெய்ட்காஸ்டரா ஸ்பின்னிங்கா என்பது கைப்பழக்கத்தைப் பொறுத்தது. எதை வாங்கினாலும் மீனைச் சீக்கிரம் கரைசேர்க்கும் பலம் அதில் இருக்கட்டும். முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிடுங்கள். விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், இல்லாவிட்டால் மேல்வழவழப்பு உரிந்துபோகும். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை அறுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு வேண்டியது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். பெரிய கொடுவாய் வந்தால் அதைக் கடலுக்கே விடுங்கள். தீவுகளின் பவளப்பாறைப் பக்கம் போகவே வேண்டாம்.

தூண்டிலே பிடிக்காதவர்களுக்கும் வள்ளுவர் வைத்த பழியில் பங்குண்டு. சந்தையில் தட்டுக்கு முன்னால் நிற்கும்போது விலையை மட்டும் கேட்காமல், இது தூண்டில் மீனா, மடி மீனா என்றும் கேளுங்கள். விற்கும் அக்காவுக்குப் பதில் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாள்களில் வரும் உள்ளூர் மீன் நாட்டுப்படகுக்காரர் கொண்டுவருவது. கேட்டு வாங்கும் பழக்கத்தை அப்போது தொடங்கலாம்.