ஸ்டாட்ஸை முதலில் எடு, தங்கச்சி!

போன சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்த பெண் ஒருத்தி என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள். சான் ஹோசே பக்கம் ஓர் இந்திய மளிகைக்கடையில் வேலை. ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தவள்; கழுத்தில் கடை பேட்ஜ் தொங்கிக்கொண்டே இருந்தது. பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்து விரித்தாள். கம்யூனிட்டி காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்ட். 27 யூனிட். ஜி.பி.ஏ. 3.4. அறிமுக சைக்காலஜி, அப்நார்மல் சைக்காலஜி, குழந்தை வளர்ச்சி, சோஷியல் சைக்காலஜி என்று வரிசையாக இருந்தது. தாளின் பின்பக்கம் அடுத்த செமஸ்டருக்கான வகுப்புகளைப் பென்சிலில் குறித்து வைத்திருந்தாள்.

"அக்கா, மனநல ஆலோசகரா ஆகணும்னு ஆசை. ஆனா நான் நேரா யூனிவர்சிட்டி போகலையே. ட்ரான்ஸ்ஃபர்ல வந்த பொண்ணுன்னா மட்டமா பாப்பாங்களோ?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்வியை அவள் மனசில் ஊன்றிய பேச்சின்மேல் வந்த கோபம். பொங்கல் விழாப் பந்தியில் நீயும் கேட்டிருப்பாய். "என் பையன் பெர்க்கிலி, அவங்க பொண்ணு யூ.சி.எல்.ஏ." என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். உன் முறை வந்ததும் "ஓ... கம்யூனிட்டி காலேஜா?" என்று ஓர் இழுப்பு. அந்த இழுப்பில்தான் எத்தனை பிள்ளைகளின் முதுகெலும்பு வளைந்திருக்கிறது!

தங்கச்சி, நிமிர்ந்து உட்கார்ந்து கேள். 1960-ல் கலிபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் தீட்டியது. முதல் இரண்டு ஆண்டை ஊர்க் கல்லூரியில் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு வரலாம் என்பது அந்தத் திட்டத்தின் நடுத்தூண். இரண்டு புதுமாணவருக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர் மாணவர் என்ற கணக்கை இன்றும் யூ.சி. எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் இலக்காக வைத்திருக்கிறது. உனக்கென்று நாற்காலி போட்டு வைத்திருக்கும் வீட்டுக்கு நீ ஏன் கூனிக் குறுகிப் போக வேண்டும்? மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட் 46 டாலர். அறுபது யூனிட்டும் சேர்த்து 2,760 டாலர். நீ சம்பாதித்து நீயே கட்டுகிறாய். கடைசியில் கைக்கு வரும் பட்டத்தில் முதல் இரண்டு ஆண்டு எங்கே படித்தாய் என்று ஒரு வரிகூட இருக்காது.

ஆக, அவமானப்பட இங்கே ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது ஒன்று உண்டு, அது திட்டமில்லாமை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எல்லா வகைக் கல்லூரிகளையும் சேர்த்துப் பார்த்தால், மாறும்போது சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகள் கைவிட்டுப் போயிருந்தன. கண் விழித்துப் படித்ததில், பஸ் பிடித்து ஓடியதில், கிட்டத்தட்ட பாதி! அந்தப் பிள்ளைகளுக்கு மூளை போதவில்லை என்று யார் சொல்வது? எந்த வகுப்பு எங்கே செல்லும் என்ற தெளிவில்லாமல் மாறியதில் பலர் கொடுத்த விலை அது.

நானும் அந்த விலையைக் கொடுத்தவள். நான் படித்த கல்லூரியில் ஒரு கவுன்சிலர், "பிடித்ததை எடும்மா, எல்லாம் செல்லும்" என்றார். எடுத்தேன். மூன்று வகுப்பு மேஜருக்குச் செல்லவில்லை. வெறும் விருப்பப் பாடக் கணக்கில் விழுந்தன. அப்நார்மல் சைக்காலஜியை மூன்றாம் ஆண்டில் மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஸ்டாட்ஸ், அதாவது புள்ளியியல், இல்லாததால் ஆராய்ச்சி முறை வகுப்பில் சேர முடியவில்லை; அது இல்லாததால் அந்த வருஷம் விண்ணப்பிக்கவும் முடியவில்லை. முழுசாக ஓர் ஆண்டு போயிற்று. இவள் விரித்த தாளைப் பார்த்தபோது என் வயிறு கலங்கியது அதனால்தான். அதே வகுப்புகள், அதே ஓட்டை.

சைக்காலஜி படிக்க வரும் நம் பிள்ளைகளில் பலர் செய்வது இதுதான். மனசைப் பற்றிய சுவையான வகுப்புகளை முதலில் எடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள். இலையில் சோறு விழுமுன்னே பாயசத்தைக் குடிப்பது மாதிரி. கணக்கு வாசனை வருகிற ஸ்டாட்ஸை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளுகிறார்கள். ஆனால் சங்கிலி எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது பார்: அறிமுக சைக்காலஜியும் ஸ்டாட்ஸும் முடித்தால்தான் ஆராய்ச்சி முறை. சில சிறிய கல்லூரிகளில் அந்த வகுப்பு எல்லா செமஸ்டரிலும் நடப்பதில்லை. ஒரு கண்ணி தப்பினால் உன் மொத்த வண்டியும் நிற்கும்.

"எனக்குக் கணக்கு வராதுக்கா" என்றாள். பத்தாம் வகுப்பில் யாரோ ஒட்டிய சீட்டை இருபத்துநாலு வயதிலும் நெற்றியில் சுமந்துகொண்டு திரிகிறாயே! முன்பெல்லாம் தகுதித் தேர்வில் சறுக்கினால் அடிப்படைக் கணக்கு வகுப்புகளிலேயே இரண்டு வருஷம் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தச் சுவரை 2017-ல் வந்த ஏ.பி. 705 என்ற சட்டம் இடித்தது. இன்று நீ நேரே ட்ரான்ஸ்ஃபர் தரத்து ஸ்டாட்ஸ் வகுப்பில் போய் உட்காரலாம். சட்டமே உனக்காக நகர்ந்து வழிவிட்டிருக்கிறது. நீ நகர மாட்டாயா?

ஸ்டாட்ஸ் எதற்கு என்று கேட்டால் சொல்கிறேன். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவமனைகளில் ஒரு தாள் தருவார்கள், பி.எச்.க்யூ-9 என்று பெயர். ஒன்பது கேள்வி, மதிப்பெண் 0 முதல் 27 வரை. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனி என்பார்கள். பத்து என்ற அந்தக் கோட்டைப் போட்டது யார்? எட்டில் போட்டிருந்தால் எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தியிருப்போம்? பதினைந்தில் போட்டிருந்தால் எத்தனை பேரைக் கோட்டைவிட்டிருப்போம்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் ஸ்டாட்ஸ். நாளைக்கு உன் முன்னால் ஓர் அம்மா பதினைந்து வயது மகளோடு உட்கார்ந்து, "இந்தச் சிகிச்சை இவளுக்குக் கேக்குமா?" என்று கேட்பாள். சிகிச்சை எடுத்த முப்பது பேருக்கும் எடுக்காத முப்பது பேருக்கும் நடுவில் வந்த மூன்று மதிப்பெண் வித்தியாசம் சிகிச்சையால் வந்ததா, தற்செயலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் அந்தத் தாய்க்கு நீ என்ன பதில் சொல்வாய்? அனுதாபம் உனக்கு ஏராளமாக இருக்கிறது, தெரியும். அதற்குக் கண் கொடுக்கிற பாடம் இது.

எந்த வழியாக வந்தோம் என்ற கவலைக்கும் கணக்குப் பயத்துக்கும் ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். ஆல்பர்ட் பண்டூராவை உன் முதல் புத்தகத்திலேயே பார்த்திருப்பாய். போபோ பொம்மை சோதனை செய்தவர். 1925-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் முண்டேர் என்ற சின்ன ஊரில், குடியேறி வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, இன்ஜினியரிங்கும் மருத்துவமும் படிக்கிற நண்பர்களின் காரில் விடியற்காலையிலேயே போய் இறங்குவார். வகுப்புக்கு நேரம் கிடக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு சைக்காலஜி வகுப்பை எடுத்தார். அதிலேயே மனசு ஒட்டிக்கொண்டது. 1949-ல் பட்டம், 1953-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆசிரியர். உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே, அதே ஸ்டான்ஃபோர்டு. எந்தக் கதவு வழியாக வந்தார் என்று இன்று யாராவது கேட்கிறார்களா?

அவரை ஏன் இழுத்து வந்தேன் என்றால், தன்னம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று சோதித்துப் பார்த்துச் சொன்னவர் அவர். பாம்பென்றால் நடுங்குகிறவர்களைக் கூட்டி வந்து, முதலில் தள்ளி நின்று பார்க்க வைத்தார். பிறகு அருகில், பிறகு கையுறையோடு தொட்டு, பிறகு வெறுங்கையால் தடவி. கடைசியில் பாம்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1977-ல் அவர் எழுதிய கட்டுரையில், ஒருவருக்குத் தன் திறன்மேல் நம்பிக்கை நான்கு வழியில் வருகிறது என்றார்: தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பின் படபடப்பை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் மிக வலுவானது முதலாவது. நான் இப்போது தொண்டை வறளச் சொல்கிறேனே, இது மூன்றாவது. இது தீப்பொறி மட்டும்தான். விறகு உன்னிடம் இருக்கிறது. "என்னால் முடியும்" என்று கண்ணாடி முன் நூறு தடவை சொல்வதைவிட ஸ்டாட்ஸில் முதல் வினாத்தாளை எழுதிவிட்டு வா, உனக்கே தெரியும்.

திட்டத்தைத் திருப்பிப் போடு. இன்றிலிருந்து முன்னே எண்ணாதே. போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து பின்னே எண்ணு. மூன்று, நான்கு வளாகங்களைத் தேர்ந்தெடு. அசிஸ்ட் தளத்தைத் திற. காசில்லை, யாரும் பார்க்கலாம். உன் கல்லூரி, போகும் வளாகம், சைக்காலஜி என்று கொடுத்தால் எந்த வகுப்புக்கு எந்த வகுப்பு ஈடு என்று வரிக்கு வரி வரும். ஒரு வளாகம் உயிரியல் கேட்கும், இன்னொன்று கால்குலஸும் கேட்கும். எல்லா வளாகமும் கேட்பதை முதலில் முடி. 2010-ல் வந்த சட்டப்படி, ட்ரான்ஸ்ஃபருக்கென்றே வகுத்த அசோசியேட் பட்டம் ஒன்றை 60 யூனிட்டில் முடித்தால் சி.எஸ்.யூ. எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடம் உறுதி. யூ.சி.யில் டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் டேக் என்ற உத்தரவாதம் தருகின்றன. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம். செப்டம்பரில் கேட்க வேண்டும். பெர்க்கிலிக்கும் யூ.சி.எல்.ஏ.வுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. அதற்காக அங்கே விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதே! உத்தரவாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உயரத்தைக் குறி வை.

இன்னொன்று. ஊரில் ஒரு வருஷம் இன்ஜினியரிங் படித்து அரியரோடு விட்டுவிட்டு வந்தாயா? அதையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். விழுந்ததைச் சொல்லிவிட்டு எழுந்ததைக் காட்டு.

பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு முதல் பருவத்தில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கலாம். அதற்கு 1965-லேயே ஜான் ஹில்ஸ் என்பவர் பெயர் வைத்துவிட்டார், "ட்ரான்ஸ்ஃபர் ஷாக்" என்று. பெயர் வைக்கும் அளவுக்கு அது பொதுவான விஷயம். உன் தலையெழுத்து அல்ல. பலர் அடுத்தடுத்த பருவங்களில் மீண்டுவிடுகிறார்கள். நீ பார்க்க வேண்டியது வேறு. உனக்கு அங்கே இருப்பது இரண்டே ஆண்டு. முதல் மாதத்திலேயே ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக் கதவைத் தட்டு. தரவு உள்ளிடும் வேலை கிடைத்தாலும் வாங்கிக்கொள். இளங்கலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு ஆலோசகராக முடியாது. கலிபோர்னியாவில் குடும்ப ஆலோசகர் உரிமம் வாங்க முதுகலையும் மேற்பார்வையில் 3,000 மணி நேர அனுபவமும் வேண்டும். அந்த முதுகலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது உன்னை நேரில் பார்த்த பேராசிரியர்தான்.

3,000 மணி நேரம் என்றதும் அவள் முகம் வாடியது. "கடையில இதுவரை எத்தனை மணி நேரம் நின்னிருப்ப?" என்று கேட்டேன். ஃபோனில் கணக்குப் போட்டாள். வாரம் 25 மணி நேரம், இரண்டரை வருஷம். 3,250. அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தாளைத் திருப்பி, தான் எழுதி வைத்திருந்த "பெர்சனாலிட்டி" வகுப்பை ரப்பரால் அழித்தாள். அதே இடத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், செவ்வாய் - வியாழன், மாலை 6.30 என்று எழுதினாள். கிளம்பும்போது செருப்பு மாட்டியபடியே கடை மேனேஜருக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணா, ஆகஸ்ட்லேர்ந்து எனக்குச் செவ்வாயும் வியாழனும் சாயங்கால ஷிஃப்ட் வேண்டாம். கிளாஸ் இருக்கு."