முப்பது வாட்

1935-ல் மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி.கோபாலசாமி தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். ஒலிபரப்பியின் திறன் 30 வாட். நம் வீட்டு மிக்சிக்கே 500 வாட் வேண்டும்! அந்த வீட்டு நிலையத்தின் 'ஆகாசவாணி' என்ற பெயரைத்தான் பின்னாளில் இந்திய வானொலியே சூடிக்கொண்டது.

தம்பி, அதே மைசூரில் மாடி அறையில் லேப்டாப்பும் ஹெட்போனுமாக நீ உட்கார்ந்திருக்கிறாய். மூன்று மாதமாக ஒரு பாட்டு முடியவில்லை. கேட்டால், "நல்ல கிக் கிடைக்கலண்ணா" என்கிறாய். ஃபோல்டரைத் திறந்தால் நாலாயிரம் கிக் டிரம் ஒலிகள்! நாலாயிரத்தில் அகப்படாதது நாலாயிரத்தொன்றாவதில் வந்து குதிக்குமா? தேடுகிறேன் என்று சொல்லாதே. முடிவெடுக்கப் பயப்படுகிறாய்.

இன்றிரவு உட்கார். ஐந்து கிக், ஐந்து ஸ்னேர், மூன்று ஹை-ஹேட் எடுத்துக்கொண்டு மற்ற ஃபோல்டர்களை மூடு. எதையும் தனியாகக் கேட்காதே. பேஸை ஓடவிட்டு அதோடு சேர்த்துக் கேள். தனியே நெஞ்சை அதிரவைத்த கிக், பேஸ் வந்ததும் காணாமல் போகும். 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்வதால் வரும் வினை அது. கிக்கின் சுருதியை ஏற்றி இறக்கிப் பார். அதன் வால் நீண்டு அடுத்த அடியின் மேல் விழுந்தால் தயங்காமல் வெட்டு. ஒப்பிடும்போது எல்லாவற்றின் ஒலியளவையும் சமமாக வை. சத்தம் கூடியதை நல்லது என்று நம்பிக் காது ஏமாறும். பிறகு ஒன்றைத் தேர்ந்தெடு. மிருதங்கக்காரர் மேடைக்கு எத்தனை மிருதங்கம் கொண்டுவருகிறார்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிறார், வாசிக்கிறார்.

விலை உயர்ந்த சாம்பிள் பேக் வாங்கக் காசில்லையா? ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 இயந்திரம் 1980-ல் வந்தபோது, நிஜ டிரம் மாதிரி இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். 1983-ல் தயாரிப்பே நின்றது. பழைய சாமானாக மலிவு விலைக்கு வந்ததை வாங்கிய இளைஞர்கள் அதே ஒலியை ஹிப்-ஹாப்பின் முதுகெலும்பாக்கினார்கள். அவர்களிடம் இருந்தது காதும் துணிச்சலும்தான்.

உன் ஊரைக் கேட்டிருக்கிறாயா? மலை மாதேஸ்வரரின் அடியார்கள் கையில் சுழலும் கம்சாளேயின் வெண்கல ஒலி, எந்த பேக்கிலும் உள்ள ஹை-ஹேட்டுக்குச் சளைத்ததா? விஜயதசமி ஊர்வலம் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் போகும்போது செவி நிறைய அடி விழுகிறதே, அதில் ஒன்றாவது உன் பாட்டில் இருக்கிறதா? கூட்டம் கலைந்த பின் ஒரு கலைஞரிடம் போ. அனுமதி கேள். பணம் கொடு. ஃபோனிலேயே பத்து அடி பதிவு செய். பாட்டில் அவர் பெயரைப் போடு. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1969-ல் 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சில நொடி டிரம் ஆயிரக்கணக்கான பாடல்களில் புகுந்தது. அவருக்கு ராயல்டி வந்து சேரவே இல்லை. இணையத்தில் எடுக்கும் சாம்பிளுக்கும் உரிமத்தைப் படித்துவிட்டு எடு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பாட்டை முடி, தம்பி. முடித்ததும் முதலில் எனக்கு அனுப்பு. ஹெட்போனோடு காத்திருக்கிறேன்.